டாக்டர்னு யார் சொல்றது?

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி எம்.பி.பி.எஸ். பட்டம், பயிற்சி மருத்துவராக இருந்ததற்கான சான்றிதழ், தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவுச் சான்றிதழ், பாஸ்போர்ட் என்று அக்காவின் முப்பத்து நான்கு வருட வாழ்க்கை அங்கே பரப்பிக் கிடந்தது. அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். தென் மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக டாக்டராக இருக்கிறாள். பிரிட்டனில் வேலைக்குப் போக விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேலை, ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்து கொடுப்பது.

ஆங்கிலத் தேர்வு முடிந்திருந்தது. பிளாப் தேர்வின் முதல் கட்டத்தை இங்கேயே எழுதி, இரண்டாம் கட்டத்துக்கு மான்செஸ்டர் வரைக்கும் போய் வந்துவிட்டாள். அதிலும் தேர்ச்சி.

“அப்ப இன்னும் என்னக்கா பாக்கி?”

“நான் டாக்டர்தான்னு நிரூபிக்கணும்டா.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பட்டச் சான்றிதழை நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் மட்டும் போதாது. அது நிஜம்தான் என்று பட்டம் கொடுத்த இடமே நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்கென்று அமெரிக்காவில் இருக்கும் ஓர் அமைப்பு நம் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கும். இங்கே யாராவது அதைப் பார்த்து, பதிவேட்டை எடுத்து, ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஆறு வாரமாக யாரும் சொல்லவில்லை. இதற்கிடையில் ‘இவர் மேல் புகார் எதுவும் இல்லை’ என்று மெடிக்கல் கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்றிதழுக்கு ஆயுள் மூன்று மாதம்தான். ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும்.

இதற்கு மேல் பெயர்ப் பிரச்சினை. பட்டத்தில் இனிஷியலும் பெயரும். பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர், குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து ஒரு தாள் வாங்க வேண்டும்.

ரசம் கொண்டுவந்து வைத்த பெரியம்மா கேட்டார்: “ஒன்பது வருஷமா இவகிட்டதான் ஊரே வைத்தியம் பாக்குது. இப்ப வந்து இவ டாக்டரான்னு கேக்கறதுக்கு அவங்க யாருடா?”

அக்கா சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். எனக்கு அந்தக் கேள்வி விடவில்லை. ஒருவரை டாக்டர் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, எப்போது, எப்படி வந்தது? தேடிப் போனால், அந்த மேசையில் கிடந்த ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் ஒரு பழைய சண்டை இருந்தது.

*

முதலில் லண்டன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் மருத்துவம் பார்க்க உரிமம் தரும் அமைப்புகள் ஏறக்குறைய இருபது இருந்தன. பல்கலைக்கழகங்கள், மருத்துவர்களின் கல்லூரிகள், அறுவை மருத்துவர்களின் கல்லூரிகள், மருந்து கலக்குபவர்களின் சங்கம் என்று ஆளாளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். காண்டர்பரி பேராயர்கூட மருத்துவப் பட்டம் வழங்கிக்கொண்டிருந்தார். எடின்பரோ தாள் லண்டனில் செல்லுமா என்பது வழக்குப் போடுகிற அளவுக்குச் சிக்கலான கேள்வி. இந்தத் தாள்கள் எதுவும் இல்லாமல் வைத்தியம் பார்த்தவர்கள் இன்னும் அதிகம்.

1858இல் வந்த மருத்துவச் சட்டம் இதற்கு ஒரு வழி சொன்னது: ஒரே ஒரு பதிவேடு. தகுதி உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று நோயாளி பிரித்தறிய வேண்டும், அதற்காகத்தான் இந்தச் சட்டம் என்று அதன் முகப்பிலேயே இருக்கிறது. பதிவேட்டைப் பராமரிக்க உருவான அமைப்புதான் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில். சுருக்கமாக ஜி.எம்.சி. அக்கா விண்ணப்பித்துக்கொண்டிருந்தது இதே அமைப்புக்குத்தான்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பதிவில் இல்லாதவர் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவே இல்லை. பார்க்கலாம். பதிவு பெற்றவர் என்று பொய் சொல்லித் திரிந்தால்தான் இருபது பவுண்டு வரை அபராதம். பதிவு இல்லாதவர் கட்டணம் தராத நோயாளி மேல் வழக்குப் போட முடியாது, அரசு வேலையில் சேர முடியாது, சட்டப்படி தேவைப்படும் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட முடியாது. ஆக, நோயாளி ஏமாறக் கூடாது என்ற நோக்கத்தோடு வந்த புத்தகம், வந்த நாளிலிருந்தே தொழிலுக்கு ஒரு வேலியாகவும் இருந்தது.

வேலி என்று இருந்தால் யாராவது ஓட்டை கண்டுபிடிப்பார்கள். வெளிநாட்டுப் பட்டம் வைத்திருந்து, சட்டம் வருவதற்கு முன்பே பிரிட்டனில் மருத்துவம் பார்த்தவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. 1849இல் நியூயார்க் மாநிலத்தில் பட்டம் வாங்கிய எலிசபெத் பிளாக்வெல் அந்தப் பிரிவைப் பிடித்து 1859இல் பதிவேட்டில் ஏறிய முதல் பெண் ஆனார். பிறகு அந்த வழி பெண்களுக்குப் பயன்படவில்லை. எலிசபெத் காரெட், மருந்து கலக்குபவர்கள் சங்கத்தின் விதிகளில் ‘ஆண்’ என்று எழுதப்படாததைக் கண்டுபிடித்து 1865இல் உரிமம் வாங்கினார். அவர் வாங்கிய கையோடு சங்கம் விதியை மாற்றிக்கொண்டது. பெண்களுக்கும் தேர்வு நடத்தி உரிமம் தரலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட 1876 வரை ஆனது.

இதே காலத்தில், 1875இல், மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்ணையும் இன்னும் மூன்று பெண்களையும் மதராஸ் மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. லண்டனில் கதவு சாத்தியிருந்தபோது மதராஸில் திறந்தது. மதராஸ் தாளோடு லண்டனுக்குப் போன ஷார்லீப், அங்கே மறுபடியும் படித்து 1882இல் லண்டன் பட்டமும் வாங்கினார். மதராஸ் தாள் மட்டும் போதும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த எண்ணம் அடுத்த நூறு வருடங்களுக்கு நம்மையும் விடவில்லை.

*

பெரியம்மாவின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குத் தோன்றியது. இந்தத் தாள் நிஜமா என்பது ஒன்று. இந்தத் தாளைக் கொடுத்த இடம் நமக்குச் சமமா என்பது இன்னொன்று. முதல் கேள்வி நோயாளிக்கானது. அதைக் கேட்காமல் இருக்க முடியாது. இரண்டாவது கேள்வி பல சமயம் முதலாவதன் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது.

1886இல் பிரிட்டனில் வந்த இன்னொரு சட்டம், குடியேற்ற நாடுகளின் பட்டங்களையும் பதிவேட்டில் ஏற்கலாம் என்றது. 1892 முதல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்கள் அங்கே செல்லுபடியாயின. தாள் செல்லுபடியாவது வேறு, ஆள் செல்லுபடியாவது வேறு. 1909இல் கல்கத்தாவிலிருந்து லண்டன் போன பிதான் சந்திர ராய், செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் சேர முப்பது முறை விண்ணப்பித்தார் என்று அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்வார்கள். ஆசியர் என்பதுதான் தடை. உள்ளே போனபின் இரண்டேகால் வருடத்தில் எம்.ஆர்.சி.பி., எஃப்.ஆர்.சி.எஸ். இரண்டையும் முடித்துக்கொண்டு 1911இல் ஊர் திரும்பினார். ஜூலை 1ஆம் தேதி வாட்ஸப்பில் டாக்டர்கள் தின வாழ்த்து அனுப்புகிறோமே, அது இவருடைய பிறந்தநாள்.

இங்கேயும் பதிவேடுகள் வந்தன. பம்பாயில் 1912, வங்காளத்தில் 1914, அதே 1914இல் மதராஸ் மருத்துவப் பதிவுச் சட்டம். இன்றைய தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் அந்தச் சட்டத்தின் வழி வந்ததுதான். அக்காவின் பதிவுச் சான்றிதழுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

சட்டத்தின் அச்சு லண்டனுடையது. நாடு வேறாக இருந்தது. மதராஸ் மாகாணத்தில் பெரும்பாலான மக்கள் வைத்தியம் பார்த்துக்கொண்டது சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்களிடம். அவர்களை யாரும் தடை செய்யவில்லை. புத்தகத்தில் அவர்களுக்கு இடமில்லை, அவ்வளவுதான். ஆனால் புத்தகம் வந்தபிறகு, அதில் இல்லாதவர் என்பதே ஒரு அடையாளமாகிவிடுகிறது. பதிவு பெற்ற டாக்டர் ஒருவர் பதிவில்லாத வைத்தியரோடு சேர்ந்து தொழில் செய்தால் அது ஒழுக்கக்கேடு என்று கருதப்பட்டது.

‘எங்களையும் கேளுங்கள்’ என்ற குரல் எழுந்தது. 1921இல் மதராஸ் அரசு முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தது. குழு அனுப்பிய கேள்விகளுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் இன்னும் பல மொழிகளிலும் வைத்தியர்கள் பதில் எழுதினார்கள். யாரிடம் கற்றார்கள், எந்த நூல் படித்தார்கள், எந்த நோய்க்கு என்ன கொடுக்கிறார்கள் என்றெல்லாம். ஒரு வகையில் அது அக்காவின் மேசைதான். தாள் இல்லாத ஒரு கூட்டம், தன்னை நிரூபிக்கத் தாளில் எழுதிக்கொண்டிருந்தது. குழுவின் செயலாளராக இருந்த ஜி. ஸ்ரீனிவாசமூர்த்தி அலோபதியும் தெரிந்தவர். 1923இல் அறிக்கை வந்தது. 1925இல் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவத்துக்கான அரசுப் பள்ளி திறந்தது, ஸ்ரீனிவாசமூர்த்தி அதன் முதல்வர்.

அந்தப் பள்ளி பின்னாளில் கல்லூரியானது. 1960இல் அதே இடத்தில் வந்ததுதான் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி. இன்று அங்கே கற்பிப்பது எம்.பி.பி.எஸ்.

வைத்தியர்கள் எல்லோரும் கைராசிக்காரர்கள், சட்டம்தான் கெடுத்தது என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. தப்பான மருந்தால் செத்தவர்களின் கணக்கை எந்தப் பதிவேடும் வைக்கவில்லை. பதிவேட்டின் தேவை உண்மையானது. அதை எழுதும் பேனா யார் கையில் என்பதுதான் தகராறு.

*

அந்தத் தகராறு 1930இல் உச்சத்துக்குப் போனது.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜி.எம்.சி.க்கு இந்தியக் கல்லூரிகள் மேல் ஒரு புகார் இருந்தது: மாணவர்களுக்குப் பிரசவப் பயிற்சி போதவில்லை. 1922இல் சர் நார்மன் வாக்கர் இந்தியாவுக்கு வந்து கல்லூரிகளைப் பார்த்தார். கர்னல் நீதாம் என்பவர் ஆய்வாளராக இருந்தார்.

புகாரில் உண்மை இருந்தது. மாணவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆண் மாணவர்கள் இருக்கும் மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு வர அன்றைய பெண்கள் தயங்கினார்கள். ஊரில் பிரசவம் பார்த்தது மருத்துவச்சிகள். பிரசவமே பார்க்காமல் ஒருவர் டாக்டர் ஆவது எந்த ஊரிலும் ஆபத்துதான். குறையைச் சொன்னது தப்பில்லை. அதைச் சரிபார்ப்பது யார் என்பதில்தான் பிரச்சினை வந்தது. லண்டனுக்குப் பதில் சொல்லும் ஓர் ஆய்வாளர் நம் கல்லூரிகளுக்குள் நிரந்தரமாக நடமாடுவதா என்று இந்தியத் தரப்பு கேட்டது. பம்பாய்ப் பல்கலைக்கழகம் எதிர்த்தது. இழுபறி நீண்டது.

1930 பிப்ரவரியில் ஜி.எம்.சி. இந்தியப் பட்டங்களுக்கு இருந்த அங்கீகாரத்தை நிறுத்தியது. காந்தி தண்டிக்கு நடக்கத் தொடங்க இன்னும் சில வாரங்களே இருந்தன.

ஒரு மாணவனின் இடத்திலிருந்து இதை யோசித்துப் பார்க்கலாம். நேற்றுவரை மதராஸ் பட்டத்தோடு பிரிட்டனில் பதிவு செய்யலாம். அந்தப் பதிவு இருந்தால் இந்திய மருத்துவப் பணியில், அதாவது ராணுவத்தின் உயர்ந்த மருத்துவ வேலையில், சேர முயலலாம். இன்று முடியாது. அவன் அதே ஆள், படிப்பும் அதே படிப்பு. பிரசவ வார்டில் அவன் பார்த்த கேஸ்கள் ஒரே இரவில் குறைந்துவிடவில்லை.

பதிலாக வந்ததுதான் 1933ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம். நம் கல்லூரிகளை நாமே சோதிப்போம், நம் தரத்தை நாமே சொல்வோம் என்பது அதன் உள்கருத்து. 1936இல் ஜி.எம்.சி. இந்தியப் பட்டங்களை மறுபடியும் ஏற்கத் தொடங்கியது. பார்ட்ஸ் வாசலில் காத்துக்கிடந்த பி.சி. ராய், அந்தக் கவுன்சிலுக்கு 1939இல் தலைவரானார்.

கதையை இங்கே முடித்தால் நன்றாக இருக்கும். அப்படி முடிக்க முடியாமல் செய்கிறவர்கள் எல்.எம்.பி. டாக்டர்கள்.

*

கொஞ்சம் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். “எங்க ஊர்ல ஒரு எல்.எம்.பி. டாக்டர் இருந்தார்” என்று யாராவது தொடங்குவார்கள். சைக்கிளிலோ மாட்டுவண்டியிலோ வருவார், தோல்பை வைத்திருப்பார், கலர்த் தண்ணி மருந்தைச் சீசாவில் ஊற்றிக் கொடுப்பார், சீசாவில் அளவுக்குக் காகிதம் ஒட்டியிருக்கும். எல்.எம்.பி. என்றால் லைசன்ஷியேட். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. மருத்துவப் பள்ளிகளில் பட்டப்படிப்பைவிடக் குறைந்த காலம் படித்து உரிமம் வாங்கியவர்கள். மாகாணப் பதிவேட்டில் அவர்களுக்கு இடம் இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் எட்டிய மருத்துவப் படிப்பு அதுதான்.

1918இல் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி கற்பித்தது எல்.எம்.பி.தான். ராயபுரத்தில் 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன் அங்கே இருந்ததும் ஒரு மருத்துவப் பள்ளிதான்.

1933ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. லண்டன் நம்மைத் தன் புத்தகத்திலிருந்து எடுத்ததற்கு நாம் எழுதிய புதிய புத்தகத்தில், நாட்டின் பெரும்பான்மை டாக்டர்களுக்கு இடம் இல்லாமல் போனது. பட்டதாரிகளை மட்டும் காட்டினால்தான் லண்டன் ஏற்கும் என்பது கணக்கு. லைசன்ஷியேட்டுகளின் சங்கம் கத்திப் பார்த்தது, நடக்கவில்லை.

பெரும்பான்மை என்று சும்மா சொல்லவில்லை. சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் கொடுத்த அறிக்கையின்படி, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு பெற்ற டாக்டர்கள் சுமார் 47,500 பேர். அதில் ஏறக்குறைய 30,000 பேர் லைசன்ஷியேட்டுகள். மக்கள் 6,300 பேருக்கு ஒரு டாக்டர். இந்தப் பஞ்சத்திலும் குழுவின் பெரும்பான்மை உறுப்பினர்கள் இனி ஒரே வகை டாக்டர்தான், பல்கலைக்கழகத்தில் படித்தவர் மட்டும்தான் என்று பரிந்துரைத்தார்கள். மதராஸ் மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அந்தக் குழுவில் இருந்தார். டாக்டர்கள் போதாத நாட்டில் எல்.எம்.பி. படிப்பை நிறுத்தலாமா என்று சில உறுப்பினர்கள் மறுப்பு எழுதி வைத்தார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, இவர்கள் பக்கமும் இருந்தது. பணக்காரனுக்கு எம்.பி.பி.எஸ்., ஏழைக்கு எல்.எம்.பி. என்று இரண்டு தரம் வைத்திருப்பது எப்படிச் சரியாகும் என்பது ஒரு நியாயம். தரமான டாக்டர் வரும்வரை கிராமத்துக்காரன் என்ன செய்வான் என்பது இன்னொன்று. எல்.எம்.பி. படிப்பு போனது. ஏற்கெனவே லைசன்ஷியேட்டாக இருந்தவர்கள் சிலர் சுருக்கப் படிப்பு படித்து எம்.பி.பி.எஸ். ஆனார்கள். வேலூர்ப் பள்ளி தப்பித்தது பெரும்பாடு. மதராஸில் எல்.எம்.பி. இனி கிடையாது என்று ஆனபோது, பட்டப்படிப்புக்குத் தேவையான கட்டடத்துக்கும் ஆசிரியர்களுக்கும் பணம் திரட்டி, 1942இல்தான் எம்.பி.பி.எஸ். தொடங்க அனுமதி கிடைத்தது. இன்று நாடு முழுவதும் மதிக்கும் சி.எம்.சி. அதுதான்.

கிராமத்துக்காரன் என்ன செய்வான் என்ற கேள்வி அப்படியே நின்றது. எல்.எம்.பி. போன இடத்தில் எம்.பி.பி.எஸ். போய் உட்காரவில்லை. படித்தவர்கள் நகரத்துக்குப் போனார்கள், பிறகு கடல் தாண்டியும் போனார்கள். லண்டன் ஏற்கிற மாதிரி டாக்டரைத் தயாரித்தால், லண்டன் அவரை வேலைக்கு எடுத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன?

*

எடுத்துக்கொண்டது. 1948இல் பிரிட்டனில் தேசியச் சுகாதார சேவை தொடங்கியபின் டாக்டர்கள் தேவைப்பட்டார்கள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கில் போனார்கள். உள்ளூர் டாக்டர்கள் விரும்பாத சுரங்க ஊர்களிலும், தொழிற்சாலை நகரங்களிலும், முதியோர் வார்டுகளிலும் இவர்களுக்கு இடம் கிடைத்தது.

1975இல் இரண்டாவது முறையாக ஜி.எம்.சி. இந்தியப் பட்டங்களின் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. அதே வருடம் வெளிநாட்டு டாக்டர்களுக்கு ஒரு தேர்வு ஆரம்பமானது. அக்கா மான்செஸ்டரில் எழுதிய பிளாப், அதன் வாரிசு. தேர்வு எழுதச் சொன்னதில் எனக்குக் குறை இல்லை. எல்லோரும் எழுதவில்லை என்பதுதான் குறை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற சில காமன்வெல்த் இடங்களின் கல்லூரிகளில் படித்தவர்கள் தேர்வு இல்லாமலே பதிவு செய்துகொள்ளும் வழி 2003 வரை திறந்திருந்தது.

அந்த வழியாக ஒருவர் உள்ளே போனார். 1995இல், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் பட்டத்தைக் காட்டி, மனநல மருத்துவராக வேலை பார்க்கத் தொடங்கினார். இருபது வருடத்துக்கு மேல் பல ஊர்களில் மனநோயாளிகளுக்கு மருந்து எழுதினார், அவர்களை அவர்களுடைய சம்மதம் இல்லாமல் மருத்துவமனையில் வைக்கலாமா என்று முடிவு செய்யும் இடத்தில் இருந்தார். 2018இல் ஒரு முதிய நோயாளியின் உயிலைத் திருத்திய குற்றத்துக்குச் சிறை போனார். அதற்குப் பிறகு ஓர் உள்ளூர்ப் பத்திரிகையாளர் நியூசிலாந்தில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவர் மருத்துவப் படிப்பை முடிக்கவே இல்லை. பட்டம் போலி. பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததாகக் காட்டிய கடிதமும் போலி. அந்தக் கடிதத்தில் ‘சரிபார்த்தல்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லே எழுத்துப்பிழையோடு இருந்தது. 2023இல் அவருக்கு ஏழு வருடச் சிறை. அதே வழியில் பதிவு செய்த சுமார் 3,000 பேரின் தாள்களை ஜி.எம்.சி. மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு 1930தான் ஞாபகம் வந்தது. கொடுத்த இடத்தின் பெயர் நம்பிக்கையாக இருந்ததால், தாள் நிஜமா என்று யாரும் கூர்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதால் முதல் கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்கள்.

*

‘வெள்ளைக்காரன் எப்பவுமே இப்படித்தான்’ என்று முடித்துவிடலாம் என்றால், நம் வீட்டுக் கதவையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

2002 முதல் வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் இந்தியர்களுக்கு இங்கே ஒரு தகுதித் தேர்வு இருக்கிறது. 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுத்தால் தேர்ச்சி. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தோற்கிறார்கள். ரஷ்யாவிலும் சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் படித்தவர்கள், 2022இல் உக்ரைன் பதுங்கு குழிகளிலிருந்து தப்பி வந்தவர்கள், எல்லோரும் இதைத் தாண்டியாக வேண்டும். நம் ஊர் நோயாளிக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும்தானே. ஆனால் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளில் முதுநிலை மருத்துவப் பட்டம் பெற்று அங்கே பதிவும் செய்தவர்களுக்கு விலக்கு உண்டு. அந்த ஐந்து பெயர்களையும் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இந்தப் பட்டியலை நமக்கு யாரும் திணிக்கவில்லை. நாமே எழுதிக்கொண்டோம்.

இதையெல்லாம் நான் ஒருநாள் ராத்திரி போனில் அக்காவிடம் கொட்டினேன். அவளுடைய பல்கலைக்கழகம் அதற்குள் பதில் அனுப்பியிருந்தது. நன்னடத்தைச் சான்றிதழ் காலாவதியாகி, மறுபடி பணம் கட்டிப் புதிதாக வாங்கியிருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“நீ சொல்ற எல்லாம் சரிதான்டா. ஆனா ஒண்ணு. இந்த முறை பட்டம் நிஜமான்னு என்னை மட்டும் கேக்கல. சிட்னியில படிச்சு அங்க போறவனையும் அவன் காலேஜுக்கு எழுதித்தான் கேக்கறாங்க. அது பரவால்ல. எல்லார்கிட்டயும் கேளு, நானும் காட்டறேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “எங்க ஆஸ்பத்திரி இருக்கற தெருவுலயே ஒருத்தன் ப்ளஸ் டூ முடிச்சிட்டு ஊசி போட்டுட்டு இருந்தான். அவன்கிட்ட போயிட்டுக் கடைசி நேரத்துல எங்ககிட்ட தூக்கிட்டு வந்த ஒரு குழந்தைய என்னால காப்பாத்த முடியல. தாள் கேக்கறது தப்புன்னு மட்டும் எழுதிடாத.”

எழுதவில்லை.

அவள் இப்போது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊரில் முதியோர் வார்டில் இருக்கிறாள். பதிவேட்டில் அவள் பெயர் ஏறிவிட்டது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது பெரியப்பாவின் பெயர். பெரியப்பா லாரி ஆபீசில் கணக்கெழுதியவர். போன வருடத்துக்கு முந்தின வருடம் தவறிவிட்டார். வார்டில் நர்ஸுகள் அந்தப் பெயரோடு ‘டாக்டர்’ சேர்த்துத்தான் அவளைக் கூப்பிடுகிறார்களாம்.

“முதல் வாரம் பூரா திரும்பித் திரும்பிப் பாத்தேன்டா” என்றாள். “அப்பாவ யார் கூப்பிடறாங்கன்னு.”